எந்தப் பக்கத்தில் அறுத்தது?

கேள்வி: ஐயா, எனக்கு 29 வயது. திருச்சியில் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. ஆறு மாதமாக ஒரு வாசிப்பு வட்டத்துக்குப் போய்வருகிறேன். மாதம் ஒரு புத்தகம், பதினான்கு பதினைந்து பேர் வருவோம். போன மாதம் நா. பார்த்தசாரதியின் ‘குறிஞ்சி மலர்’. ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் புகழ்ந்துகொண்டே வந்தார்கள். என் முறை வந்ததும், “எனக்குப் பிடிக்கவில்லை. பக்கத்துக்குப் பக்கம் அறிவுரை. பூரணி மனுஷி மாதிரியே இல்லை, சிலை மாதிரி இருக்கிறாள்” என்று சொல்லிவிட்டேன். அறையே அமைதியாகிவிட்டது. வட்டத்தில் மூத்தவரான ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், “ரீல்ஸ் பார்க்கிற தலைமுறைக்கு இதெல்லாம் எப்படிம்மா பிடிக்கும்?” என்றார். பஸ் ஸ்டாப்புக்கு நடந்து வரும்போதுதான் தோழி சொன்னாள், அவருடைய மகள் பெயரே பூரணியாம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நான் புத்தகத்தைப் பாதியிலேயே நிறுத்தியிருந்தேன். என் ரசனையில்தான் கோளாறா? பிடிக்காத புத்தகத்தை முடித்தே ஆக வேண்டுமா? அடுத்த மாதம் ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’. படித்துவிட்டேன். அதிலும் ஒரு இடம் உறுத்துகிறது. பேசுவதா, வாயை மூடிக்கொண்டு இருப்பதா?

— ஒரு வாசகி, திருச்சி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

பொது நூலகங்களில் முப்பது ஆண்டுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ‘புத்தகத்தில் எழுதாதீர்கள்’ என்று சுவரில் பலகை தொங்கும். அதன் கீழே உட்கார்ந்துதான் எழுதுவார்கள். திரும்பி வரும் புத்தகங்களிலிருந்து பென்சில் கிறுக்கல்களை ரப்பர் வைத்து அழிப்பது எங்கள் வேலைகளில் ஒன்று. அழிப்பதற்கு முன் எல்லாவற்றையும் படித்துவிடுவேன். தமிழ் வாசகர்கள் மனதில் பட்டதை மறைக்காமல் சொன்ன இடம் அந்த ஓரங்கள்தான். கூட்டத்தில் எழுந்து ‘காவியம்’ என்று சொல்கிற அதே ஆள், ஓரத்தில் ‘எப்போ முடியும்?’ என்று எழுதியிருப்பார்.

ஒரு குடும்ப நாவல், பெயர் வேண்டாம். அதில் 112ஆம் பக்க ஓரத்தில் யாரோ ‘அறுவை’ என்று எழுதியிருந்தார்கள். அதன் கீழே நீல மையில் வேறொரு கை: ‘உன்னை யார் படிக்கச் சொன்னது?’ அதற்கும் கீழே மூன்றாவது ஒருவர், குண்டு குண்டான எழுத்தில்: ‘சண்டை போடாதீங்க. 140க்கு மேல நல்லா இருக்கு.’ அன்றிரவே அதை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்தேன். 140க்கு மேல் நன்றாகத்தான் இருந்தது. அந்த மூன்றாவது ஆள் யார் என்று இன்றுவரை தெரியாது. அவர் எழுதியதை மட்டும் நான் அழிக்கவில்லை.

உங்கள் கூட்டத்தில் நீங்கள் முதல் ஆளாக இருந்தீர்கள். தலைமையாசிரியர் இரண்டாவது ஆளாக இருந்தார். மூன்றாவது ஆள் அன்றைக்கு வரவில்லை. நடந்தது அவ்வளவுதான்.

முதலில் ரசனை. உங்கள் ரசனையில் ஒரு கோளாறும் இல்லை. நீங்கள் சொன்னது பெரும்பாலும் சரி என்றுதான் நானும் நினைக்கிறேன். ‘குறிஞ்சி மலர்’ நாவலை நான் பதினேழு வயதில் படித்தேன். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. கதாநாயகன் அரவிந்தனைப் போல ஆகிவிட வேண்டும் என்று கதர்ச் சட்டைகூட வாங்கினேன் (முதல் துவைப்பிலேயே சுருங்கிவிட்டது). ஐம்பதைத் தாண்டிய பிறகு ஒரு மழைநாளில் அதே நாவலை மறுபடி எடுத்தேன். எண்பது பக்கம் போவதற்குள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். தந்தையை இழந்த மதுரைப் பெண், தலையில் குடும்பப் பாரம், அச்சகத்தில் வேலை பார்க்கும் ஒரு லட்சிய இளைஞன் என்று களம் நன்றாகத்தான் போடப்பட்டிருக்கிறது. ஆனால் அவளுக்குக் கஷ்டம் வருகிறதே தவிர, ஒரு சின்ன அற்பத்தனம்கூட வந்ததாக எனக்குப் படவில்லை. சொந்த வீட்டில் இரண்டு தங்கைகளோடு வளர்ந்தவன் நான். அப்படி ஒரு பெண்ணை நான் பார்த்ததில்லை.

ஆக, சிலை என்று நீங்கள் சொன்னது சரி. ஆனால் அந்தச் சிலையைத் தெரிந்தே செய்தார்கள். தமிழ் நாவல் பிறந்தபோதே இந்தப் பழக்கம் கூடவே பிறந்துவிட்டது. 1879இல் மாயூரம் வேதநாயகம் பிள்ளை ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ வெளியிட்டபோது எழுதிய முன்னுரையில், முக்கியமான பாத்திரங்களை முற்றிலும் நற்குணம் உள்ளவர்களாகவே காட்டியிருப்பதாகச் சொல்லி, அதற்கு இங்கிலாந்தின் டாக்டர் ஜான்சனைச் சாட்சிக்கு அழைக்கிறார். கதை நல்லவனைக் காட்டினால் படிக்கிறவன் நல்லவன் ஆவான் என்பது அவர் நம்பிக்கை. முன்சீப்பாக இருந்தவர், சாட்சி இல்லாமல் பேச மாட்டார். அந்த நம்பிக்கை எண்பது வருடம் கழித்தும் நம் வாரப் பத்திரிகைகளில் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தது. பூரணியும் அரவிந்தனும் அந்த வீட்டுப் பிள்ளைகள்.

அப்புறம் தொடர்கதை என்கிற சங்கதி இருக்கிறது. இதைப் பற்றி உங்கள் வட்டத்தில் யாரும் பேசியதாக நீங்கள் எழுதவில்லை. ‘குறிஞ்சி மலர்’ 1960ஐ ஒட்டிக் ‘கல்கி’ வார இதழில் வந்த கதை. நா.பா. அப்போது ‘மணிவண்ணன்’ என்ற பெயரில் எழுதினார். அத்தியாயத்தின் தலையில் ஒரு பாடல், முடிவில் ஒரு கொக்கி, நடுவில் போன வாரத்தை மறந்துவிட்டவர்களுக்காக ஒரு ஞாபகமூட்டல். வீட்டில் ஐந்து பேர் இருந்தால் ஐந்து பேரும் அடித்துக்கொண்டு படிப்பார்கள். தொடர் முடிந்ததும் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைப்பது அன்றைய வழக்கம். எங்கள் நூலகத்துக்கே அப்படிப்பட்ட பைண்டுகள் அன்பளிப்பாக வந்திருக்கின்றன, ஓவியம், சிரிப்புத் துணுக்கு, தைல விளம்பரம் எல்லாவற்றோடும். ஏழு நாள் இடைவெளியில் படித்தவருக்குக் கதாநாயகியின் உயர்வை ஒவ்வொரு வாரமும் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. அதே உயர்வை நீங்கள் இரண்டு இரவில் இருபது தடவை வாங்கிக்கொண்டீர்கள். வேளைக்கு ஒரு கரண்டி என்று கொடுத்த கஷாயத்தைப் பாட்டிலோடு கவிழ்த்தால் யாருக்கும் குமட்டத்தான் செய்யும். ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வாரா வாரம் வந்தது. 2022இல் படம் வந்த சூட்டில் ஐந்து பாகத்தையும் ஒரே தடவையில் வாங்கியவர்களில் எத்தனையோ பேர் முதல் பாகத்திலேயே நிற்கிறார்கள். அவர்களுக்கும் இதே குமட்டல்தான் என்று நினைக்கிறேன்.

இதையெல்லாம் சொல்வதால் நான் அந்த நாவலுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். “அந்தக் காலத்துக்கு அது நல்ல புத்தகம்மா” என்று யாராவது சமாதானம் சொன்னால் ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். அந்தச் சமாதானம் எனக்கு எப்போதுமே எரிச்சல் தரும். புதுமைப்பித்தன் 1948லேயே இறந்துவிட்டார். அவருடைய ‘பொன்னகரம்’ சிறுகதையை இன்றைக்குப் படித்தாலும் கன்னத்தில் அறை விழுகிறது. ராஜம் ஐயரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ 1896இல் புத்தகமானது. அதில் வரும் ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை வாயைத் திறந்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு அடங்குவதில்லை. நா.பா.வின் கதை தொடராக வந்துகொண்டிருந்த அதே காலத்தில்தான், 1959இல், சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ என்ற இலக்கியச் சிற்றிதழைத் தொடங்கினார். வாரப் பத்திரிகை எழுத்தின் மீது இன்றைக்கு உங்களுக்கு இருக்கும் அலுப்பு அன்றைக்கே சிலருக்கு இருந்தது, அதை அச்சடித்து விற்கவும் ஆள் இருந்தது. எனவே காலத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டுப் புத்தகம் தப்பிக்க முடியாது.

ஒரே புத்தகத்துக்குள்ளேயே ஒரு பாதி வாடி, ஒரு பாதி வாடாமல் இருப்பதும் உண்டு. ‘கமலாம்பாள்’ நாவலையே எடுத்துக்கொள்ளுங்கள். முன்பாதியில் ஊர்வம்பு, குடும்பச் சண்டை, மதுரைப் பக்கத்துப் பேச்சு என்று ஜமாவாகப் போகிறது. பின்பாதி வேதாந்தத்தில் மூழ்கிவிடுகிறது. இருபத்தாறு வயதில் இறந்துபோன ஒரு மேதையைக் குறை சொல்ல மனசு வராது, ஆனாலும் பின்பாதியில் எனக்குக் கொட்டாவி வந்ததை இல்லை என்று சொல்ல முடியுமா? எங்கள் நூலகப் பிரதியில் முன்பாதிப் பக்கங்கள்தான் எண்ணெய்க் கை பட்டு மஞ்சளாகியிருந்தன. பின்பாதி வெள்ளையாக, புதுசு மாதிரி இருந்தது. எத்தனை பேர் எங்கே நிறுத்தினார்கள் என்பதைத் தாளே சொல்லிவிடும்.

இன்னொரு வகையான பழமையும் இருக்கிறது. அதற்கும் பொறுமைக்கும் சம்பந்தம் இல்லை. நிறத்தை வைத்துக் கேலி, சாதிப் பேரை வைத்து ஒரு பாத்திரத்தின் குணத்தைத் தீர்மானிப்பது, மனைவியை அடிப்பதை நகைச்சுவையாக எழுதுவது போன்றவை. பெரிய எழுத்தாளர்களிடமும் இவை உண்டு. நான் சற்றுமுன் தலையில் தூக்கி வைத்த புதுமைப்பித்தனையே சாதிச் சித்திரிப்புக்காகப் பிற்கால விமர்சகர்கள் கடுமையாகக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். இப்படி ஒரு இடம் தடுக்கினால், ‘அலுப்பாக இருந்தது’ என்ற சொல்லுக்குப் பின்னால் அதை ஒளிக்காதீர்கள். அலுப்பு வேறு, கோபம் வேறு.

சரி, முடித்தே ஆக வேண்டுமா என்று கேட்டீர்கள். எங்கள் தொழிலுக்குத் தந்தை போன்றவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது. அவர் சொன்னது நூலகம் நடத்துகிறவர்களுக்கு; புத்தகத்தைத் தேட விட்டு ஆளை அலைக்கழிக்காதே என்ற பொருளில். நான் அதை வாசகருக்கும் சேர்த்தே எடுத்துக்கொண்டேன். இரண்டு முறை தவணை நீட்டியும் பாதி தாண்டவில்லை என்று யாராவது குற்ற உணர்ச்சியோடு கவுண்டரில் நின்றால், “திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு எடுங்கள்” என்று நானே வாங்கி வைத்துவிடுவேன். புத்தகம் கோபித்துக்கொள்ளாது. பத்து வருடம் கழித்து அதே ஆள் அதே புத்தகத்தைத் தேடி வந்ததும் உண்டு.

ஆனால் ஒன்று. பாதியில் நிறுத்தலாம், பாதியில் நிறுத்தியதை மறைக்கக் கூடாது. உங்கள் கடிதத்தில் என்னை நெருடியது அது மட்டும்தான். “பூரணி சிலை மாதிரி இருக்கிறாள்” என்பது முழுப் புத்தகத்தைப் பற்றிய தீர்ப்பு. “நான் பாதிவரை படித்தேன், அதுவரை அவள் சிலையாகத்தான் இருக்கிறாள், அப்புறம் மாறுகிறாளா?” என்று கேட்டிருந்தால் எதிரே இருப்பவர் பதில் சொல்லியே ஆக வேண்டும். அதோடு, எந்தப் பக்கம் என்றும் சொல்லுங்கள். எந்த அறிவுரை? யார் யாருக்குச் சொல்வது? புத்தகத்தைப் பிரித்து அந்தப் பத்தியைச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். வாசித்த பிறகு ‘ரீல்ஸ் தலைமுறை’ என்றெல்லாம் பேச்சு எழாது. அந்தப் பத்தியைப் பற்றித்தான் பேசியாக வேண்டும். நான் எண்பது பக்கத்தில் கண்ணாடியைக் கழற்றியவன் என்பதை மேலே சொல்லிவிட்டேன், கவனித்தீர்களா? அதனால்தான் சொன்னேன்.

‘அறுவை’ என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓரங்களில் ‘அறுவை’, ‘ரம்பம்’ என்று இருக்கும். பிறகு ‘பிளேடு’ வந்தது. ஓய்வு பெறும் நேரத்தில் எங்கு பார்த்தாலும் ‘மொக்கை’. ‘ரம்பம்’ என்று எழுதியிருந்த பக்கத்தைப் பார்த்து ஒரு கல்லூரிப் பையன், “சார், இங்க ரம்பம்னு போட்டிருக்கு, மரக்கடைக்காரர் யாராவது படிச்சாரா?” என்று என்னிடமே கேட்டான். நாவலுக்கு முன்னால் திட்டு பழசாகிவிட்டது.

இப்போது தலைமையாசிரியர் சார். அவர் சொன்னது நியாயமில்லை. புத்தகத்தைப் பற்றி ஒருவர் பேசும்போது பேசுகிறவரின் வயதைப் பற்றிப் பேசுவது பழைய வாத்தியார் தந்திரம். ஆனால் அவர் ஏன் அப்படிச் சீறினார் என்று யோசியுங்கள். அந்த நாவலைப் படித்துவிட்டுத் தமிழ்நாடு முழுக்கப் பிள்ளைகளுக்கு அரவிந்தன், பூரணி என்று பெயர் வைத்தார்கள். தூர்தர்ஷனில் தொடராக வந்தபோது அரவிந்தனாக நடித்தவர் மு.க. ஸ்டாலின். தெருவில் முதன்முதலாகப் பள்ளி இறுதி வகுப்பைத் தாண்டிய பையனுக்கு, கையில் காசில்லாமல் மானத்தோடு வாழ முடியும் என்று அந்த நாவல் சொன்னது. அத்தியாயத் தலைப்பில் இருந்த பாடலை மனப்பாடம் செய்துவிட்டுத்தான் பழந்தமிழ்ப் பக்கமே போனேன் என்று என்னிடம் சொன்ன பெண்கள் இருக்கிறார்கள். எட்டாவதோடு நிறுத்தப்பட்டு அடுப்படிக்குப் போனவர்கள். நீங்கள் அறிவுரை என்று ஒதுக்கியது அவர்களுக்கு வகுப்பறை. ஒருவர் தன் மகளுக்குப் பெயராக வைத்த ஒன்றைச் சிலை என்று சொன்னால், அவர் காதில் விழுவது இலக்கிய விமர்சனமாக இருக்காது. அதற்காக நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. உங்களுக்குத் தெரியாமல் நடந்தது. தெரிந்திருந்தாலும் கருத்தை மாற்றியிருக்க வேண்டியதில்லை.

ஒன்று மட்டும் செய்து பாருங்கள். அடுத்த முறை பார்க்கும்போது, “சார், நீங்கள் முதலில் எந்த வயதில், எங்கே உட்கார்ந்து இதைப் படித்தீர்கள்?” என்று கேளுங்கள். கவுண்டரில் இந்தக் கேள்வியை நூறு முறை கேட்டிருக்கிறேன். புத்தகத்தைப் புகழ்ந்துகொண்டிருந்தவர்கள் திடீரென்று திண்ணை, மண்ணெண்ணெய் விளக்கு, வாடகைக்குப் புத்தகம் கொடுத்த கடை என்று பேச ஆரம்பிப்பார்கள். புத்தகத்தைவிட அந்தப் பேச்சு பல சமயம் நன்றாக இருக்கும்.

‘அக்கினிப் பிரவேச’த்துக்கு வருவோம். ஒரு இடம் உறுத்துகிறது என்கிறீர்கள், எந்த இடம் என்று எழுதவில்லை. பார்த்தீர்களா, மறுபடியும் பக்க எண் இல்லை! நானாக ஊகிக்கிறேன். மழையில் நின்ற கல்லூரிப் பெண், காரில் ஏற்றிக்கொண்டவன், வீட்டுக்கு வந்து அவள் அம்மாவிடம் அழுவது, கடைசியில் அந்தத் தாய் மகள் தலையில் தண்ணீரை ஊற்றி, எல்லாம் கழுவிவிட்டாயிற்று, நீ சுத்தமாகிவிட்டாய் என்று சொல்வது. அந்தத் தண்ணீர்தானே? அவள் அழுக்கானாள் என்று யார் சொன்னது, எதற்குக் கழுவ வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். என் பேத்தி அதைத்தான் கேட்டாள்.

1966இல் ‘ஆனந்த விகட’னில் அந்தக் கதை வந்தபோது ஊரே கொதித்தது. கோபப்பட்டவர்களுக்கும் அந்தத் தண்ணீர்தான் பிரச்சினை, ஆனால் நேர் எதிர்ப் பக்கத்திலிருந்து. ஒரு குடம் தண்ணீரில் இது போய்விடுமா, தாய் இப்படிச் சொல்லலாமா என்று கேட்டார்கள். அந்த எதிர்வினையையே ஜெயகாந்தன் கையில் எடுத்துக்கொண்டார். அந்தத் தாய் அப்படி மன்னிக்காமல் கூச்சல் போட்டு ஊரைக் கூட்டியிருந்தால் அந்தப் பெண் என்ன ஆகியிருப்பாள் என்பதிலிருந்து ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலை எழுதினார். 1972இல் சாகித்திய அகாதெமி விருதும் அதற்குத்தான் கிடைத்தது. வாசகர்கள் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அந்த நாவலில் வரும் கங்கா நமக்குக் கிடைத்திருப்பாளா என்பது சந்தேகம்தான்.

அதனால் பேசுங்கள். கதையைக் கையில் வைத்துக்கொண்டு, தாய் தண்ணீர் ஊற்றும் அந்தப் பத்தியை முதலில் வாசியுங்கள். 1966இல் அது ஏன் சிலருக்குப் பொறுக்கவில்லை என்பதைத் தலைமையாசிரியர் சாரையே சொல்லச் சொல்லுங்கள், அவருக்கு அது நினைவிருக்கும் வயதுதான். 2020களில் அது ஏன் உங்களுக்கு உறுத்துகிறது என்பதை நீங்கள் சொல்லுங்கள். அந்தத் தாயை எனக்கு மிகவும் பிடிக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவளுக்குத் தெரிந்த சொற்களை வைத்துக்கொண்டு அவளால் செய்ய முடிந்தது அது. நீங்கள் ஒப்புக்கொள்ள மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். பரவாயில்லை.

முடிந்தால் இன்னொன்றும் விசாரியுங்கள். அவருடைய மகள் பூரணி ‘குறிஞ்சி மலர்’ படித்திருக்கிறாரா? படித்திருந்தால் எந்தப் பக்கம் வரைக்கும்? பதில் தெரிந்தால் எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.